சம்பந்திகளை அவ்வளவு சீக்கிரம் சண்டை போட விடாதீர்கள்

கேள்வி: கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நகைச்சுவைத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். பையனின் அப்பா கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பெண்ணின் அப்பா சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவர். காதல் திருமணம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்கிறது. அங்கே தொடங்கும் சண்டை க்ளைமாக்ஸ் வரை போகிறது. நண்பர்கள் படித்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் "சீரியல் மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக ஒரு காமெடி ட்ராக் சேர்க்கலாமா? இரண்டு சமூகங்களைக் கிண்டல் செய்தால் பிரச்சினை வருமா? இன்னொரு சந்தேகம். ஒரு பல் மருத்துவரும், தன்னை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரும் சம்பந்தி ஆகிற பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கரு தோன்றியது. இது திருட்டாகுமா?
- வாசகர், கரூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் இணைத்திருந்த பக்கங்களைப் படித்தேன். உங்களுக்கு வசனம் நன்றாக வருகிறது. காபி ஆறிப்போயிருக்கிறது என்று தமிழாசிரியர் சொல்ல, "எங்க ஊர்ல தண்ணி கெடைக்கிறதே பெரிசு, இதுல சூடு வேறயா" என்று அச்சகக்காரர் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் நானே சிரித்தேன். ஆனால் அது நாலாவது பக்கத்தில் வருகிறது. நாலாவது பக்கத்திலேயே இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறுத்தாகிவிட்டது. அப்புறம் படம் முழுக்க அவர்கள் குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. நிலைமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. "சீரியல் மாதிரி" என்று சொன்னவர் இதைத்தான் சொல்லியிருப்பார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிஜத்தில் எந்தச் சம்பந்தி முதல் நாளே சண்டை போடுகிறார்? முதல் சந்திப்பில் எல்லோரும் தங்கமாக இருப்பார்கள். "உங்க இஷ்டம்", "நீங்க சொன்னா சரி", "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க". இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் எத்தனை பவுன் இருக்கிறது என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அப்பாவைக் கேட்டாலும் சொல்வார். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்காக நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அது எந்த நிமிஷம் உடையும் என்று பார்ப்பவர் காத்திருக்கிறார். நீங்கள் முதல் ரீலிலேயே உடைத்துவிட்டீர்கள். காத்திருக்க ஒன்றும் பாக்கியில்லை.

நீங்கள் சொல்லும் ஆங்கிலப் படம் 1979-ல் வந்த 'தி இன்-லாஸ்'. ஆண்ட்ரூ பெர்க்மன் எழுதி, ஆர்தர் ஹில்லர் இயக்கியது. அதில் இரண்டு அப்பாக்களும் முதலில் சந்திக்கும் இரவு விருந்தை இன்னொரு தடவை, பேனாவும் தாளுமாகப் பாருங்கள். பீட்டர் ஃபாக் நடிக்கும் வின்ஸ், தான் கௌதமாலா காட்டில் இருந்த கதையைச் சொல்கிறார். அங்கே செட்சி ஈக்கள் கழுகு அளவு இருக்குமாம், குழந்தைகளைக் கொத்திக்கொண்டு பறந்துவிடுமாம். (செட்சி ஈ இருப்பது ஆப்பிரிக்காவில். அது தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு.) எதிரே பல் மருத்துவராக ஆலன் ஆர்கின். இந்த ஆள் பைத்தியமா, புளுகரா என்று அவர் முகத்தில் கேள்வி ஓடுகிறது. ஆனால் வாய் திறந்து "பொய்" என்று அவரால் சொல்ல முடியாது. மகளின் கல்யாணம். அதனால் ஈயைப் பற்றி மரியாதையாக ஒரு கேள்வி கேட்கிறார். அந்த மரியாதை, வின்ஸுக்கு இன்னும் பெரிய புளுகுக்கு வழிவிடுகிறது. அந்த ஈக் கதை ஓடும்போது யார் குரலும் உயரவே இல்லை. மறுநாள் வின்ஸ் மருத்துவரின் கிளினிக்குக்கே வந்து, ஒரு சின்ன உதவி, அஞ்சு நிமிஷ வேலை என்கிறார். சம்பந்தி கேட்கும்போது எப்படி மறுப்பது? அந்த ஒரு தயக்கம்தான் பல் மருத்துவரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும், கடைசியில் லத்தீன் அமெரிக்காவில் ஒரு கற்பனை நாட்டின் மரண தண்டனை மைதானம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதே படத்தை 2003-ல் மைக்கேல் டக்ளஸும் ஆல்பர்ட் ப்ரூக்ஸும் நடிக்க மறுபடி எடுத்தார்கள். அதில் ஒரு அப்பா நிஜமான உளவாளி என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெடிகளும் துரத்தல்களும் கூடின, அந்தச் சந்தேகம் போய்விட்டது. என் கணக்கில் படத்தின் பாதி உயிர் அந்தச் சந்தேகத்தில்தான் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் அது உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். தமிழாசிரியரும் அச்சகக்காரரும் என்ற ஜோடி எவ்வளவு அருமையானது என்று உங்களுக்கே தெரியவில்லையோ என்று தோன்றுகிறது. அவர்களை நீங்கள் காபிக்கும் சாப்பாட்டுக்கும் சண்டை போட வைத்திருக்கிறீர்கள். அதை எந்த இரண்டு சம்பந்திகளும் செய்வார்கள். ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவர். இன்னொருவர் வாழ்நாள் முழுக்க அச்சடித்தவர். நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை!

இப்படி ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். அச்சகக்காரர் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்குத் தன் மெஷினிலேயே, வெளிநாட்டுத் தாளில், தங்க ஃபாயில் வைத்துப் பத்திரிகை அடித்திருக்கிறார். பெருமையோடு சம்பந்தியின் கையில் கொடுக்கிறார். மேலே கொட்டை எழுத்தில் 'சுபமுகூர்த்த பத்திரிக்கை'. ஒரு ஒற்று குறைவு, ஒரு ஒற்று அதிகம். வேனில் வரும்போதே ஆசிரியரின் மனைவி, "இன்னிக்கு ஒரு நாள் யாரையும் திருத்தாதீங்க" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆசிரியர் படிக்கிறார். கை தானாகச் சட்டைப் பையிலிருக்கும் சிவப்புப் பேனாவுக்குப் போகிறது. மனைவி இருமுகிறார். கை இறங்குகிறது. "எப்படி இருக்கு சம்பந்தி?" என்று அச்சகக்காரர் கேட்கிறார். "தாள்... நல்ல தாள்" என்கிறார் ஆசிரியர். அந்த மனிதருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்து உள்பக்கத்தையும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார், "நீங்க வாசிச்சா கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு மாப்பிள்ளை சொன்னாரு" என்று.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள். அதனாலேயே ஆசிரியர் மாட்டிக்கொள்கிறார். இந்தக் காட்சியைப் பத்து நிமிஷம் வரை இழுக்கலாம் என்பேன்.

அடுத்தது காலம். நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் என்று வைத்திருக்கிறீர்கள். அப்போது சண்டை வந்தால் எழுந்து போய்விடலாமே? நம் ஊரில் எத்தனையோ சம்பந்தங்கள் அப்படித்தான் காபியோடு முடிகின்றன. இவர்கள் ஏன் போகவில்லை என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கதையைக் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் தள்ளுங்கள். மூத்த மகளின் பிரசவத்துக்காக ஆசிரியர் தம்பதி வெளிநாட்டில் இருந்தார்கள், எல்லாம் போனிலேயே பேசி முடித்தார்கள், இப்போதுதான் நேரில் சந்திக்கிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பெண் வீட்டார் ஊர் பூராவும் பத்திரிகை வைத்து முடித்துவிட்டார்கள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் போய்விட்டது. இனி எழுந்து போனால் மானம் போகும். கதவைச் சாத்தியாகிவிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால்தான் உள்ளே நடக்கும் இழுபறிக்கு மதிப்பு.

உங்கள் திரைக்கதையில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து எழுதும் நம்மவர்கள் பலர் வழுக்கி விழும் இடமும் அதுதான். நம் கல்யாணத்தில் இரண்டு வீடும் சமம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் என்ற சொல்லே ஒரு பதவி. பெண்ணின் அப்பா பணிந்துதான் போவார், போக வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கும். உங்கள் அச்சகக்காரர் ஆசிரியரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. அவர் திருப்பித் திட்டும்போது, "ஐயோ, இந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாகுமோ" என்று பயமாக இருந்தது. பாவமும் பயமும் வந்த இடத்தில் சிரிப்பு வராது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரிடம் ஏதோ ஒன்று அவசியமாகத் தேவைப்பட வேண்டும். அப்போதுதான் தராசு நேராகும்.

இதை அழகாகச் செய்த படம் ஒன்று உண்டு. ஃப்ராங்க் காப்ராவின் 'யூ கான்ட் டேக் இட் வித் யூ', 1938. சிறந்த படம், சிறந்த இயக்குநர் என இரண்டு ஆஸ்கர் வாங்கியது. ஜார்ஜ் காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் எழுதிய நாடகம் அது. நாடகத்துக்கு 1937-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பெரும் பணக்காரர் வீட்டுப் பையன், கிறுக்கர்கள் நிறைந்த ஒரு வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். மேடையில் இது பணக்காரர், சாதாரணர் மோதல்தான். படத்துக்குத் திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கின் ஒரு சரடைச் சேர்த்தார். அந்தப் பணக்காரர் ஒரு தொழிற்சாலைத் திட்டத்துக்காகப் பன்னிரண்டு தெருத் தொகுதிகளை வளைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு வீட்டுக்காரக் கிழவர் மட்டும் விற்க மறுக்கிறார். அந்த வீடு பெண்ணின் தாத்தா வீடு. இப்போது யார் பெரியவர்? கிழவருக்கு எதுவும் வேண்டாம், பணக்காரருக்கு அவர் கையெழுத்து வேண்டும். தராசு நேராகிவிட்டது.

1978-ல் வந்த பிரெஞ்சுப் படம் 'லா காஜ் ஓ ஃபோல்', அதை 1996-ல் எலைன் மே எழுத மைக் நிக்கல்ஸ் இயக்கிய 'தி பேர்ட்கேஜ்', இரண்டிலும் இதே சூட்சுமம். பெண்ணின் அப்பா ஒழுக்கத்தைப் பற்றியே பேசும் அரசியல்வாதி. பையனின் அப்பா, ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் விடுதியை நடத்துகிறவர், அவருடைய துணையும் ஒரு ஆண். சாதாரணமாக அந்த அரசியல்வாதி இந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். ஆனால் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் விலைமாதுவின் படுக்கையில் இறந்துபோய் ஊர் நாறுகிறது. மானத்தைக் காப்பாற்ற அவருக்கு உடனடியாக ஒரு கௌரவமான கல்யாணம் வேண்டும். அவமானத்தில் இருப்பவர்தான் கௌரவம் பார்க்க வருகிறார்! காட்சிக்குக் காட்சி சிரிப்பு வருவதற்கு இந்த அஸ்திவாரம் காரணம்.

உங்கள் ஆசிரியருக்கு அச்சகக்காரரிடம் என்ன வேண்டும்? இதற்கு நீங்கள்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஆசிரியர் பல வருடமாக வல்லினம் மிகும் இடங்களைப் பற்றி ஒரு தடிமனான கையெழுத்துப் பிரதி வைத்திருக்கிறார். எந்தப் பதிப்பகமும் தொடவில்லை. இப்போது சம்பந்தியே அச்சகக்காரர். கேட்கக் கூச்சம், கேட்காமலும் இருக்க முடியவில்லை. பத்திரிகையில் இருக்கும் பிழையைச் சொன்னால் புத்தகம் போச்சு. சொல்லாவிட்டால் அவர் அவராக இருக்க முடியாது. அச்சகக்காரர் பக்கமும் ஒரு தவிப்பு வையுங்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், தமிழ் வாத்தியார் ஒருவர் தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று ஏங்குகிறார். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் வெளியானதிலிருந்து அச்சகங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கல்யாணத்தை ஐப்பசியில் வைத்தால், ஒரு காதில் சம்பந்தியும் இன்னொரு காதில் மெஷின்மேனும் பேச, மனிதர் படாத பாடு படுவார்.

காமெடி ட்ராக் வேண்டவே வேண்டாம். மையக் கதை அழுகையாக இருந்த காலத்தில் இடையில் இளைப்பாற அது தேவைப்பட்டது. மையக் கதையே சிரிப்பு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒரு ட்ராக் ஓட்டினால், உங்கள் கதையை நீங்களே நம்பவில்லை என்று அர்த்தம். துணைப் பாத்திரங்கள் வேறு. காப்ரா படத்தில் பெண்ணின் அம்மா நாடகம் எழுதிக்கொண்டே இருக்கிறார். ஏன் என்றால், எப்போதோ தவறுதலாக ஒரு டைப்ரைட்டர் அந்த வீட்டில் இறங்கிவிட்டது! அப்பா நிலவறையில் வாணவேடிக்கை தயாரிக்கிறார். இவர்கள் சிரிக்க வைப்பதற்காக வெளியிலிருந்து வந்தவர்கள் கிடையாது, அந்த வீட்டில் வாழ்கிறவர்கள். அந்த வாணங்கள் வெடிக்கும்போது போலீஸ் வந்து, விருந்தாளியாக வந்த கோடீஸ்வரரையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது. கதையை நகர்த்தும் வேலை அவர்களிடம் இருக்கிறது. (சிவகாசி என்றதும் நீங்கள் பட்டாசுக்குப் போகாமல் அச்சகத்துக்குப் போனீர்களே, அதற்கு ஒரு சபாஷ். தயவுசெய்து க்ளைமாக்ஸில் பட்டாசு வெடிக்க வைத்துவிடாதீர்கள்.)

காதலர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஜோடி மாறி மாறி அழுகிறது. அவர்களும் ஏதாவது விஷமம் செய்யட்டும். காப்ரா படத்தின் அந்த வீட்டுக்குப் பையனின் பெற்றோர் விருந்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பார்கள். வீடு வழக்கமான கோலத்தில் கிடக்கிறது. தேதி குழம்பவில்லை, பையனே வேண்டுமென்று அழைத்து வந்திருக்கிறான், அந்தக் குடும்பத்தை உள்ளபடி பெற்றோர் பார்க்கட்டும் என்று. காதல் செய்கிறவன் கலகமும் செய்கிறான்.

சமூகக் கிண்டல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பக்கங்களில் எனக்கு நெருடிய இடங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். அவை எல்லாமே ஒரு மனிதரை விட்டுவிட்டு "இந்த ஆளுங்களே இப்படித்தான்" என்று பொதுவாகப் பேசும் வரிகள். வழக்கு வருமா என்பது பிறகு, முதலில் அவை சிரிப்பாக இல்லை. 2002-ல் வந்த 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' படத்தை எழுதி நடித்த நியா வர்டலோஸ், தன் சொந்தக் கிரேக்கக் குடும்பத்தையே தனிநபர் நாடகமாக மேடையில் நடித்துக் காட்டி, அதைப் படமாக்கினார். அதில் மாப்பிள்ளையின் அம்மா, நடுவில் ஓட்டை வைத்த பண்ட் கேக் ஒன்றைக் கொண்டுவருகிறார். பெண்ணின் அம்மா அதைப் பார்த்ததே இல்லை. கேக்கில் ஓட்டை விழுந்துவிட்டதே என்று பதறி, கடைசியில் அந்த ஓட்டையில் ஒரு பூந்தொட்டியைச் சொருகிக் கொண்டுவந்து வைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டும்! இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் சொந்தப் பக்கம் எதுவோ, கும்பகோணமோ சிவகாசியோ, அதைக் கொஞ்சம் அதிகமாகவே கிண்டல் செய்யுங்கள். அடுத்தவர் பக்கத்தை எழுதியதும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் வையுங்கள்.

கடைசியாக, திருட்டா என்ற கேள்வி. இதற்கு நம் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட உங்கள் கதையை வைத்தே. ஆர்.ஜி. ஆனந்த் என்ற கட்டடக் கலைஞர் 1953-ல் 'ஹம் இந்துஸ்தானி' என்று ஒரு இந்தி நாடகம் எழுதினார். பஞ்சாபிக் குடும்பம், பக்கத்தில் மதராஸிக் குடும்பம், பிள்ளைகள் காதலிக்கிறார்கள், பெற்றோர் மோதுகிறார்கள். 1956-ல் கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த 'நியூ டெல்லி' வந்தது. அதிலும் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், மோதும் பெற்றோர். ஆனந்த் வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருவுக்கும் பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உண்டு. மாகாண வெறி என்ற பொருள் இரண்டுக்கும் பொது, ஆனால் படம் வாடகைக்கு வீடு தர மறுப்பதையும் வரதட்சணையையும் சேர்த்து வேறு விதமாக விரிந்திருக்கிறது என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் வருகிறதா என்பதே அளவுகோல். இந்தியாவில் பதிப்புரிமை வழக்குகளில் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆகவே, எதிரும் புதிருமான இரண்டு சம்பந்திகள் என்ற கரு யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் உங்கள் இரண்டாம் பாதியில் அச்சகக்காரர் ஆசிரியரிடம் "அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லி ஒரு அலுவலகப் பெட்டகத்தைத் திறக்க அனுப்புகிறாரே, அது அப்படியே 'தி இன்-லாஸ்' காட்சி. தப்பி ஓடும் வரிசைகூட மாறவில்லை. அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். வார்னர் பிரதர்ஸ் கரூருக்கு நோட்டீஸ் அனுப்புமா என்று சிரிக்காதீர்கள், படம் ஓடிடிக்குப் போகும்போது ஒப்பந்தத்தில் இது முழுக்க என் சொந்தப் படைப்பு என்று கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள். அதோடு, பத்திரிகையும் கையெழுத்துப் பிரதியும் உள்ளே வந்த பிறகு அந்தப் பெட்டகத்துக்குக் கதையில் வேலையும் இல்லை.

எழுதி முடித்ததும் சென்னையில் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு, அதன்பின் அலுவலகங்களுக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகைக் காட்சியை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆசிரியர் கடைசிவரை பேனாவை எடுக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.